வீட்டுக்குள் செயற்கைச் செடி: இடம் பார்ப்பது முதல் தூசி துடைப்பது வரை முழு வழிகாட்டி

எங்கள் வீடு சென்னையில் ஒரு ஃபிளாட். மேற்குப் பார்த்த பால்கனி ஒன்று, வெயில் எட்டிப்பார்க்காத ஹால் ஒன்று. ஹாலுக்குள் வைத்த செடி எதுவும் மூன்று மாதம் தாண்டியதில்லை. அரிக்கா பாம் என்ற பனை வகைச் செடி இரண்டு முறை போன பிறகுதான் செயற்கைச் செடிப் பக்கம் வந்தேன். அப்புறம் அக்கா வீடு, நண்பர்கள் வீடு, ஒரு சின்ன கிளினிக்கின் வரவேற்பறை என்று ஐந்தாறு இடங்களில் கூட இருந்து செய்து கொடுத்தேன்.

புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். முதலில் செடியை வாங்கிவிடுகிறார்கள், பிறகு அதை எங்கே வைப்பது என்று வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். கடைசியில் டிவிக்குப் பக்கத்தில் கடையில் இருந்த கோலத்திலேயே அது நின்றுவிடும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். வாங்குவதே நான்காவது படியில்தான் வருகிறது. செலவிலும் செடிக்குப் பாதிதான். மீதியைத் தொட்டிக்கும் மேல்மண்ணுக்கும் ஒதுக்கி வையுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: அளவு டேப், கம்பி வெட்டும் கட்டிங் பிளேயர், பழைய பிளேடு, ஹேர் டிரையர், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, பழைய டூத் பிரஷ், பழுப்பு மஞ்சள் நிறங்களில் சின்ன அக்ரிலிக் பெயின்ட் பாட்டில்கள், மினுமினுப்பைக் குறைக்கும் மேட் வார்னிஷ் ஸ்பிரே ஒன்று. இவற்றோடு உடைந்த செங்கல், எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), தேங்காய் நார்த் துகள். நார்த் துகளைக் கட்டியாக வாங்கினால் தண்ணீரில் ஊறவைத்து உதிர்த்துத்தான் பயன்படுத்த முடியும். அது முழுக்கக் காய நான்கைந்து நாள் ஆகும் என்பதால் அந்த வேலையை முதலிலேயே தொடங்கிவிடுங்கள்.

1. இடத்தை முடிவு செய்யுங்கள்

ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த இடத்தில் நிஜச் செடி ஒன்று இருக்க வாய்ப்பு உண்டா? பார்ப்பவர் கண்ணுக்குச் சந்தேகம் வருவது பெரும்பாலும் இடத்தைப் பார்த்துத்தான், இலை அப்புறம்தான். ஃப்ரிட்ஜுக்கு மேலே, பரண் விளிம்பில், ஜன்னலே இல்லாத நடையில் யாரும் அரிக்கா வளர்ப்பதில்லை. அங்கே அதை வைத்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் பிளாஸ்டிக் என்று தெரிந்துவிடும்.

ஜன்னலிலிருந்து ஏழெட்டு அடிக்குள் இருக்கும் மூலைகள்தான் முதல் தேர்வு. அதைவிட இருட்டான இடமென்றால், குறைந்த வெளிச்சத்திலும் தாக்குப்பிடிக்கும் வகைகளின் போலியை வையுங்கள். ஸ்நேக் பிளான்ட், ஸீஸீ பிளான்ட் இரண்டும் அப்படிப்பட்டவை.

மூன்று இடங்களை அடியோடு விட்டுவிடுங்கள். அடுப்புக்குப் பக்கம் வேண்டாம். தாளிப்பு எண்ணெய் ஆவி இலையில் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, பிசுக்காகிவிடும். பூஜை அலமாரிக்குப் பக்கம் வேண்டாம். விளக்கும் ஊதுபத்தியும் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக்கும் காய்ந்த நாரும் எதற்கு? பால்கனி கிரில்லும் வேண்டாம். நேரடி வெயிலில் இலையின் மஞ்சள் சாயம் முதலில் வெளுத்து, பச்சை மெல்ல நீலம் பாய்ந்துவிடும். நீல இலையைப் பார்த்து ஏமாற யாரும் இல்லை.

சோபா கைப்பிடியை ஒட்டியும் வைக்காதீர்கள். நம் வீடுகளுக்கு வருபவர்கள் பேசிக்கொண்டே இலையைக் கிள்ளிப் பார்ப்பார்கள். குறைந்தது கை எட்டாத தூரம் வேண்டும்.

உயரம் பார்க்க ஒட்டடைக் குச்சிதான் நல்ல கருவி. நீட்டிக் குறைக்க வசதியாக இருக்கும். அந்த மூலையில் அதை நிறுத்தி நான்கடி, ஐந்தடி, ஆறடி என்று மாற்றிப் பாருங்கள். பத்தடி உயர ஹாலில் தொட்டியோடு சேர்த்து ஐந்தரை, ஆறடிவரை பொருந்தும். மூன்றடிச் செடியைத் தரையில் வைத்தால் யாரோ மறந்து விட்டுப்போன பை மாதிரி இருக்கும்; அதற்கு ஒரு ஸ்டூல் தேவை.

2. நர்சரிக்குப் போய் நிஜச் செடியைப் பாருங்கள்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பிறகு வளைக்கும்போது எந்த இலை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் முழிக்கிறார்கள். சென்னைக்காரர்களுக்கு ஈ.சி.ஆர். ஓரத்தில் வரிசையாக நர்சரிகள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் பக்கத்து வீட்டு மாடித் தோட்டமே போதும்.

ஒரு செடிக்கு நான்கு படம் எடுங்கள்: முழுச் செடி, அடித்தண்டு மண்ணுக்குள் போகும் இடம், இலையின் பின்பக்கம், உச்சித் தளிர்.

அரிக்காவைக் கவனித்துப் பாருங்கள். அடியிலிருந்து ஏழெட்டுத் தண்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வரும். தண்டில் மஞ்சள் சாயல், அங்கங்கே வளையம். வெளிமட்டைகள் சாய்ந்து தொங்கும், உள்மட்டைகள் நிமிர்ந்து நிற்கும். நடுவில் விரியாத குருத்து ஒன்று ஈட்டி மாதிரி நேராக இருக்கும். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இலை நுனி கருகிப் பழுப்பாகவும் இருக்கும், உப்பு சேர்வதால் வருவது அது. ரப்பர் செடியில் புதுத் தளிர் சிவந்த உறைக்குள் சுருண்டிருக்கும். மணி பிளான்டில் கொடி நுனிக்குப் போகப் போக இலை சின்னதாகும்.

3. எந்தச் செடியின் போலி எடுபடும்

தடித்த, விறைப்பான, மெழுகு பூசியது போன்ற இலை கொண்டவைதான் நன்றாக எடுபடும். ஸீஸீ பிளான்ட்டின் நிஜ இலையே பிளாஸ்டிக் போல மின்னும், அதனால் போலிக்குப் பாதி வேலை மிச்சம். ஸ்நேக் பிளான்ட், ரப்பர் செடி அடுத்து. மான்ஸ்டெரா பரவாயில்லை. அரிக்கா சுமார்தான், ஆனால் வளைக்கப் பொறுமை இருந்தால் ஹாலையே மாற்றிவிடும்.

மெல்லிய இலைப் பெரணி வகைகள் பக்கத்தில் வைத்தால் எடுபடாது, தலைக்கு மேலே தொங்கினால் சரி. பூச்செடிகள் வேண்டாம். தை மாதம் பூத்த ரோஜா ஆடியிலும் அதே ரோஜாவாக இருந்தால் யார் நம்புவார்கள்? லாவெண்டர் கொத்துக்கும் இதே கதைதான். நம் ஊர் வெக்கையில் டீப்பாய் மேல் லாவெண்டர் செழித்து நின்று நான் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் துளசியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

4. கடையில் என்ன பார்க்க வேண்டும்

சென்னையில் பாரிமுனை, சவுகார்பேட்டைப் பக்கத்துத் தெருக்களில் தேடினால் கிடைக்கும். எந்தக் கடையானாலும், பிடித்த செடியைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வாருங்கள். கடைக்குள் எரியும் வெள்ளை எல்.இ.டி. விளக்கில் எல்லாப் பச்சையும் பளிச்சென்று இருக்கும். பகல் வெளிச்சத்தில்தான் நிஜமான நிறம் தெரியும்.

இலையைத் திருப்புங்கள். நல்ல தயாரிப்பில் பின்பக்கம் ஒரு சாயல் வெளிறியிருக்கும், நரம்பு மேடாகத் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே பச்சை என்றால் வைத்துவிடுங்கள். ஒரே செடியில் மூன்று பச்சையாவது இருக்க வேண்டும்: அடி இலை அடர்ந்து, நடு இலை சாதாரணமாக, தளிர் வெளிறி.

அடுத்தது தண்டு. இலையை எல்லோரும் பார்ப்பார்கள், தண்டைப் பார்ப்பவர் குறைவு. அதனால் தயாரிப்பாளரும் அங்கேதான் மிச்சம் பிடிக்கிறார். வழவழவென்று குழாய் மாதிரி ஒரே பச்சையில் இருந்தால் வேண்டாம். காம்பை மெதுவாக வளைத்துப் பாருங்கள். உள்ளே கம்பி இருந்தால் வளைத்த இடத்தில் நிற்கும், இல்லாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். கம்பி இல்லாத செடியை வாங்கினால் ஆறாவது படியே செய்ய முடியாது.

துணி இலை, பிளாஸ்டிக் இலை என்று இரண்டு வகை உண்டு. துணி இலை மென்மையாக அசையும், ஆனால் ஓரம் நூல் பிரியும், தண்ணீரில் முக்கிக் கழுவ முடியாது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் இலை கழுவத் தோதானது. தூசி ஊருக்கு என் ஓட்டு பிளாஸ்டிக்குக்கே.

உயரத்தில் ஏமாறாதீர்கள். கடைக்காரர் ஐந்தடி என்று சொல்வது தொட்டியின் அடியிலிருந்து நிமிர்த்திப் பிடித்த இலையின் நுனிவரை. வளைத்த பிறகு அரையடி போய்விடும். ஆன்லைனில் வாங்கும்போதும் இதே கணக்குதான். படத்தில் இருக்கும் அழகான தொட்டி பார்சலில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

5. கழுவிக் காய வையுங்கள்

அச்சிலிருந்து எடுத்த இலையில் லேசான எண்ணெய்ப் படலம் இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து நிழலில் காய வையுங்கள். பாதி மினுமினுப்பு இதிலேயே போய்விடும். இதை விட்டால், பின்னால் அடிக்கும் பெயின்டும் வார்னிஷும் உரிந்து வரும்.

காய்ந்ததும் தண்டைத் தடவிப் பாருங்கள். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு விளிம்பாகத் தட்டுப்படும். பிளேடின் முனையால் மெல்லச் சுரண்டிவிடுங்கள்.

6. வளைப்பது: முக்கால்வாசி வேலை இங்கேதான்

பெட்டியிலிருந்து எடுத்த செடி மடக்கிய குடை போலிருக்கும். பலர் இலைகளை நாலா பக்கமும் சமமாகப் பிரித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அப்போது அது விரித்த குடை ஆகிறதே தவிர, செடி ஆவதில்லை.

நிஜச் செடி வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பும். அதனால் வளைப்பதற்கு முன்பே செடியை அது நிற்கப் போகும் மூலைக்குக் கொண்டுபோய், ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்து, தொட்டியில் சாக்பீஸால் ஒரு குறி போடுங்கள். ஜன்னல் பக்கத்து இலைகள் முகம் காட்டி விரிய வேண்டும். சுவர்ப் பக்கத்து இலைகள் எண்ணிக்கையில் குறைவாக, சுவரை விட்டு விலகி, பக்கவாட்டில் வளைந்து வெளிச்சத்தைத் தேட வேண்டும்.

அடியிலிருந்து மேலே போங்கள். உச்சியில் தொடங்கினால், கீழ்மட்டையை வளைக்கும்போது மேலே செய்ததெல்லாம் கலைந்துவிடும். முதல் சுற்றில் தண்டுகள் மட்டும்: ஒன்றுக்கொன்று சற்று வேறு கோணத்தில் சாய வேண்டும், எதுவும் குச்சி மாதிரி நேராக நிற்கக் கூடாது. இரண்டாவது சுற்றில் மட்டைகள். காம்பின் அடியில் ஒரே மடிப்பாக மடக்காதீர்கள். இடது கையால் அடியைப் பிடித்துக்கொண்டு, வலது கைப் பெருவிரலால் காம்பின் நீளம் முழுக்க நீவிக்கொண்டே போனால் வில் மாதிரி வளையும். முறுக்கு பிழியும் நிதானம் வேண்டும். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடித்தால் உள்ளே கம்பி முறிந்துவிடும், அந்த மட்டை அப்புறம் நிற்காது.

மூன்றாவது சுற்றில் இலை நுனிகள். பெட்டியில் நசுங்கி மடிந்த இலைக்கு ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே சூடு காட்டுங்கள். இலை இளகியதும் விரலால் நீவி, ஆறும்வரை அப்படியே பிடித்திருங்கள். ஆறும் முன் விட்டால் மடிப்பு திரும்ப வரும். ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தினால் இலை சுருண்டுவிடும். முதல் செடியில் எனக்கு இரண்டு இலை அப்படித்தான் போனது, வெட்டி எடுத்துவிட்டேன்.

ஐந்தடி அரிக்காவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். கால் மணியில் முடிந்தது என்றால் முடியவில்லை என்று அர்த்தம். ஐந்தாறு அடி தள்ளிப்போய், செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எடுத்துப் பாருங்கள். நிறம் போனதும் வடிவம் மட்டும் தெரியும், எங்கே சமச்சீராக இருக்கிறது என்று உடனே பிடிபடும்.

7. குறைகளைச் சேர்ப்பது

குறையே இல்லாத செடி நர்சரியில்கூட இல்லை. ஐந்தடிச் செடியில் இரண்டு மூன்று இலைகளை அடியோடு வெட்டுங்கள். வெட்டிய காம்பு அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கட்டும், நிஜத்தில் கவாத்து செய்த இடம் அப்படித்தான் இருக்கும். கம்பி முனை தெரிந்தால் பழுப்பு பெயின்ட் ஒரு சொட்டு. குழந்தைகள் இருக்கும் வீடென்றால் முனையை உள்ளே மடக்கியும் விடுங்கள்.

கீழ்மட்டைகளில் நான்கைந்து நுனிகளுக்கு மட்டும் பழுப்பு. பிரஷில் தொட்டதைத் துணியில் துடைத்துவிட்டு, பிரஷ் கிட்டத்தட்டக் காய்ந்திருக்கும்போது தடவுங்கள். ஈரப் பெயின்ட் வைத்தால் நகப்பூச்சு மாதிரி இருக்கும். ஒரே ஒரு அடி இலை மஞ்சளாகலாம். இரண்டாவதைத் தொடும்போது நிறுத்திவிடுங்கள். உற்சாகத்தில் எட்டு இலைகளுக்குப் பழுப்பு அடித்த ஒரு நண்பருக்கு, வருபவர்களெல்லாம் உரம் சிபாரிசு செய்துவிட்டுப் போகிறார்கள்.

இலை இன்னும் மின்னினால் மேட் வார்னிஷை பால்கனியில் வைத்து மெல்லிய ஒரு கோட் அடியுங்கள். முதலில் பின்பக்கத்து இலை ஒன்றில் சோதித்துப் பாருங்கள். சில பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் பூத்துவிடும். ஸீஸீ, ரப்பர் செடிகளுக்கு வார்னிஷே வேண்டாம், அவை மின்னத்தான் வேண்டும்.

8. தொட்டி

செடியோடு வரும் சிமென்ட் நிரப்பிய கறுப்புத் தொட்டி ஒரு பிடிமானத்துக்குத்தான். ஐந்தடி உயரச் செடி ஒரு சாண் அகலத் தொட்டியில் நிற்பது இயற்கையில் நடக்காது என்பது யாருக்கும் சொல்லாமலே தெரியும். அதைப் பெரிய தொட்டிக்குள் இறக்க வேண்டும். ஐந்தடிச் செடிக்கு வாய் பன்னிரண்டு அங்குலமாவது இருக்கட்டும். மண் தொட்டி, பீங்கான், சிமென்ட் எதுவும் சரி. பிளாஸ்டிக் செடிக்குப் பிளாஸ்டிக் தொட்டி மட்டும் வேண்டாம்.

பெரிய தொட்டியின் அடியில் செங்கல் துண்டுகளை அடுக்கி, கறுப்புத் தொட்டியை அதன்மேல் வையுங்கள். கறுப்புத் தொட்டியின் விளிம்பு, வெளித்தொட்டி விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே வர வேண்டும். மேலே இருந்தால் மறைக்க முடியாது, ரொம்பக் கீழே போனால் செடி கிணற்றுக்குள் இருப்பது போலத் தெரியும். சுற்றியுள்ள இடைவெளியில் எம்-சாண்ட். தெர்மாகோல் போட்டு நிரப்பும் பழக்கம் இருக்கிறது, மேஜைச் செடிக்கு அது போதும். உயரச் செடிக்கு அடியில் கனம் வேண்டும், இல்லாவிட்டால் குழந்தை ஒரு மட்டையைப் பிடித்து இழுத்தாலே சாய்ந்துவிடும்.

சுவரோடு ஒட்டிய செடி என்றால் தண்டை நடுவில் வைக்காமல் ஒரு அங்குலம் முன்னால் தள்ளி வையுங்கள். பின் மட்டைகள் சுவரில் நசுங்காது.

9. மேல்மண்

தண்டு மண்ணுக்குள் போகும் இடம்தான் போலியைக் காட்டிக்கொடுக்கும் இடம். கடைச் செடிகளில் அங்கே ஒட்டிய பச்சைப் பாசி நார் இருக்கும், பிய்த்து எறியுங்கள். நம் ஊர் வீட்டுக்குள் தொட்டி மண்ணில் அப்படிப் பாசி வளராது.

மணலுக்கு மேல் இரண்டு அங்குலம் தேங்காய் நார்த் துகள், அதன்மேல் சலித்த செம்மண் கைப்பிடி அளவு தூவி, தண்டைச் சுற்றிக் கொஞ்சம் குவித்துவிடுங்கள். நிஜ மண்ணே நிரப்பலாமே என்று கேட்பார்கள். ஈர மண்ணில் கம்பி துருப்பிடிக்கும், பூஞ்சை வரும், எறும்பு குடியேறும். அதனால் துகளும் செம்மண்ணும் வெயிலில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வெளித்தொட்டி விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்ற விடும் இடைவெளி அது, நிஜத் தொட்டியில் எப்போதும் இருக்கும். இரண்டு காய்ந்த சருகு போட்டால் இன்னும் நல்லது. வெள்ளைக் கூழாங்கல்லை வாய்வரை நிரப்பினால் ஹோட்டல் லாபி ஆகிவிடும், தவிர்க்கலாம்.

வீட்டில் எல்லோரிடமும் இது செயற்கைச் செடி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, காலையில் பேப்பர் படித்து முடித்ததும் ஒரு சொம்பு தண்ணீர் அதற்கு ஊற்றுவதை வழக்கமாக்கிக்கொண்டார். ஓட்டையில்லாத பீங்கான் தொட்டி. மூன்றாவது வாரம் ஹாலில் கொசு அதிகமாகி, வலை, ஜன்னல் எல்லாம் சோதித்துவிட்டுக் கடைசியில் தொட்டியைக் கிளறினேன். செங்கல் இடுக்கில் தெளிந்த தண்ணீர், அதில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடத் தேடுவதும் இப்படித் தேங்கிய தண்ணீரைத்தான். எல்லாவற்றையும் கொட்டி, காயவைத்து, எட்டாவது படியிலிருந்து மறுபடி செய்தேன். “ரெண்டு இலை பழுத்திருந்துச்சே, தண்ணி பத்தலைன்னு நினைச்சேன்” என்றார் அப்பா. ஏழாவது படிக்குக் கிடைத்த சான்றிதழ் என்று எடுத்துக்கொண்டேன்.

10. நிறுத்தி வைப்பது

சாக்பீஸ் குறி ஜன்னலைப் பார்க்கும்படி வையுங்கள். இரவில் சீலிங் டியூப்லைட் மட்டும் இருந்தால் செடி தட்டையாகத் தெரியும். செடிக்குப் பின்னால் தரையோரமாக மஞ்சள் வெளிச்சம் தரும் எல்.இ.டி. விளக்கு ஒன்று வைத்தால் சுவரில் இலை நிழல் விழும். நிழலில் நிஜம், போலி வித்தியாசம் கிடையாது.

கண்ணுக்கும் கைக்கும் மிகப் பக்கத்தில் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு நிஜச் செடி வையுங்கள். ஒரு பாட்டில் தண்ணீரில் மணி பிளான்ட் போதும். வருபவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூலையில் இருப்பதையும் அப்படியே நம்பிவிடுவார். ஒரே மாதிரி இரண்டு போலிச் செடிகளை மட்டும் அருகருகே வைக்காதீர்கள், ஒரே அச்சில் வந்தவை என்பது பளிச்சென்று தெரியும்.

11. பராமரிப்பு

வாரம் ஒருமுறை உலர்ந்த துணி அல்லது மெல்லிய பிரஷ். ஃபேன் ஓடும் ஹாலில் மேல்பக்க இலைகளில்தான் தூசி அதிகம் சேரும். மாதம் ஒருமுறை ஈரத்துணி. ஆயுத பூஜைக்கும் போகிக்கும் வீட்டைத் துடைக்கும்போது மேஜைச் செடிகளைக் குளியலறைக்குக் கொண்டுபோய் ஷவரில் காட்டலாம், மேல்மண்ணை பிளாஸ்டிக் கவரால் மூடிக்கொண்டால். துணி இலைக்கு இது கூடாது. பிரஷும், குளிர்காற்றில் வைத்த ஹேர் டிரையரும் போதும்.

கடற்கரையை ஒட்டிய வீடுகளில் வெட்டிய கம்பி முனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். துரு தெரிந்தால் தேய்த்துவிட்டுப் பெயின்ட் ஒரு தொடுகை. தொட்டிக்குள் கரப்பான், பல்லி தங்காமலிருக்கத் துகளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை செடியை ஒரு கால் திருப்பு திருப்பி, நான்கைந்து மட்டைகளை மறுபடி வளையுங்கள். நிஜச் செடி அதற்குள் ஒரு குருத்தாவது விட்டிருக்கும். தளிர் நிறத்தில் தனியாகக் கிடைக்கும் ஒற்றை மட்டை ஒன்றை வாங்கி வைத்திருந்தால், அந்தச் சமயத்தில் நடுவில் செருகிவிடலாம். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் அதைப் பார்த்துவிட்டு, எந்த நர்சரி என்று கேட்டார்.